கலிஃபோர்னியா அன்எம்ப்ளாய்மெண்ட்: இ.டி.டி ஏன் படுத்துச்சு, எத மாத்துனாங்க, எத இன்னும் தொடவே இல்ல – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியால வேலை போனவங்களுக்கு வாராவாரம் காசு குடுக்குற ஆபீஸ் பேரு எம்ப்ளாய்மெண்ட் டெவலப்மெண்ட் டிபார்ட்மெண்ட். முழுப் பேர யாரும் சொல்றதில்ல, இ.டி.டிதான். பே ஏரியால, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல, லேஆஃப் அலை வரும்போதெல்லாம் நம்ம ஆளுங்க இதப் பத்தி ஒரே மாதிரி கேள்விங்களக் கேக்குறாங்க, பாதி பேருக்கு "கவர்மெண்ட் கம்ப்யூட்டர் பழசு, அதான் பிரச்சனை"ங்கிறதுக்கு மேல எதுவும் தெரியல. அதனால தெரிஞ்சத மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன். சில பதில் நீளமா போகும், சிலது ரெண்டு வரிதான்.

இது இலவசப் பணமா, இன்ஷூரன்ஸா? நம்ம சம்பளத்துல இதுக்கு பிடிக்கிறாங்களா?

இன்ஷூரன்ஸ்தான். ஆனா பிரீமியம் கட்டுறது நீங்க இல்ல, உங்க கம்பெனி. பே ஸ்லிப்ல எஸ்.டி.ஐன்னு ஒண்ணு பிடிக்கிறாங்களே, அது உடம்பு சரியில்லாம போறதுக்கும் குழந்தை பொறந்தா லீவு எடுக்கறதுக்கும், வேலை போறதுக்கு இல்ல. தொழிலாளிகிட்ட இருந்தும் இதுக்குப் பிடிக்கிற மாநிலம் மூணே மூணுதான்: அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா. அதுக்காக "கம்பெனிக்காரன் காசு, நமக்கு எதுக்கு"ன்னு கூச்சப்பட்டு அப்ளை பண்ணாம இருக்காதீங்க, நம்ம ஆளுங்க இதுல ரொம்ப மோசம். நீங்க உழைச்ச சம்பளத்த வச்சு கட்டுன பிரீமியம் அது.

அமெரிக்கா முழுக்க ஒரே ரூல் வைக்காம ஏன் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா பண்றாங்க?

1935-ல சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தப்ப வச்ச அமைப்பு. அதுக்கு முன்னாடியே 1932-ல விஸ்கான்சின் தனியா சட்டம் போட்டிருந்துச்சு. மத்திய அரசு என்ன பண்ணுச்சுன்னா, எல்லா கம்பெனிக்கும் ஒரு வரி போட்டுச்சு, உங்க மாநிலத்துல நாங்க சொல்ற மாதிரி ஒரு அன்எம்ப்ளாய்மெண்ட் திட்டம் இருந்தா அதுல பெரும்பகுதிய கழிச்சுக்கலாம்னு சொல்லுச்சு, உடனே எல்லா மாநிலமும் அடிச்சுப் பிடிச்சு சட்டம் போட்டுடுச்சு. இன்னைக்கும் கணக்கு அதுதான்: ஒரு ஆளோட சம்பளத்துல முதல் 7,000 டாலருக்கு 6 சதவீதம், அதுல 5.4 கழிச்சா 0.6 சதவீதம், அதாவது தலைக்கு வருஷம் 42 டாலர். அந்த 42 டாலர்ல இருந்துதான் மாநில ஆபீசுங்கள நடத்துற செலவுக்கு காசு வருது.

இங்கதான் முதல் கோளாறு. அந்த நிர்வாகக் காசு எவ்ளோ பேர் அப்ளை பண்றாங்களோ அதப் பொறுத்து வரும். ஊர்ல எல்லாருக்கும் வேலை இருக்குற நல்ல காலத்துல காசு கொறையும், ஆளக் கொறைப்பாங்க, ரிப்பேர் வேலைய தள்ளிப் போடுவாங்க. திடீர்னு அடி விழும்போது காசு வரும், ஆனா அப்ப வந்து என்ன புண்ணியம், அனுபவம் உள்ள ஆளுங்க கெளம்பிப் போயிருப்பாங்க.

எவ்ளோ கெடைக்கும்?

கலிஃபோர்னியால வாரத்துக்கு குறைஞ்சது 40, அதிகபட்சம் 450 டாலர், சாதாரணமா 26 வாரம் வரைக்கும். முதல் வாரம் காசு கெடையாது, அது வெயிட்டிங் வாரம். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ "இன்னும் வேலை கெடைக்கல, தேடிட்டு இருக்கேன்"ன்னு சர்டிஃபை பண்ணணும். அந்த 450 எப்ப முடிவானது தெரியுமா? 2005-ல. அப்ப சான் ஹோசேல வாடகை என்ன, இப்ப என்னன்னு நீங்களே பாத்துக்கோங்க. ஃபெடரல் வரி உண்டு, அடுத்த வருஷ ஆரம்பத்துல அதுக்கு 1099-ஜின்னு ஒரு வரி ஃபார்ம் வரும். கலிஃபோர்னியா மாநில வரி கெடையாது.

2020-ல என்னதான் ஆச்சு?

மார்ச் கடைசில ஒரே வாரத்துல நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல புது அப்ளிகேஷன். அதுக்கு முன்னாடி அந்த மாதிரி ஒரு நம்பர யாரும் பாத்ததில்ல. கலிஃபோர்னியால வேலையில்லாதவங்க விகிதம் 16 சதவீதத்த தொட்டுச்சு, அந்த வருஷ முடிவுக்குள்ள இ.டி.டிக்கு ஒரு கோடிக்கு மேல கிளெய்ம் வந்துடுச்சு, 10,000 கோடி டாலருக்கு மேல பணம் வெளிய போச்சு.

அதே நேரத்துல மார்ச் 27 அன்னைக்கு கேர்ஸ் சட்டம் வந்துச்சு. வாரத்துக்கு எக்ஸ்ட்ரா 600 டாலர், அதோட பி.யு.ஏன்னு புதுசா ஒரு திட்டம், ஊபர் ஓட்டுறவங்க, சலூன் வச்சிருக்கறவங்க, சொந்தமா தொழில் பண்றவங்க எல்லாருக்கும். இந்த மாதிரி ஆளுங்களுக்கு பணம் குடுத்து இ.டி.டிக்கு பழக்கமே இல்ல, சிஸ்டத்துல அதுக்கு இடமும் இல்ல, ஆனா சில வாரத்துல கட்டி முடின்னு உத்தரவு.

ஃபோன் கதை இன்னும் கேவலம். ஆரம்பத்துல கால் சென்டர் காலைல 8-ல இருந்து மதியம் 12 வரைக்கும்தான். மாநில ஆடிட்டர் 2021 ஜனவரில குடுத்த ரிப்போர்ட்படி அந்த வசந்த காலத்துல வந்த கால்ல 1 சதவீதம்கூட எடுக்கல. நூறு பேர் அடிச்சா ஒருத்தருக்கு லைன் கெடைச்சா அதிர்ஷ்டம். எடுத்தவரும் பாதி நேரம் "எனக்கு இதப் பாக்க அதிகாரம் இல்ல, வேற ஆள் கூப்பிடுவாங்க"ன்னு சொல்லி வச்சிடுவாரு, அப்பறம் அந்த வேற ஆள் கூப்பிடவே மாட்டாங்க, இவங்க திருப்பி அடிப்பாங்க, லைன் இன்னும் நெரிசல் ஆகும்.

எல்லாம் கோபோல்ங்கிற பழைய ப்ரோகிராமிங் மொழில எழுதுன அந்த சிஸ்டத்தாலதான? புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சு போச்சே?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன். 2020 ஏப்ரல்ல நியூ ஜெர்சி கவர்னர் ஃபில் மர்ஃபி பிரஸ் மீட்ல வந்து கோபோல் தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு கேட்டாரு, அன்னைல இருந்து எல்லாரும் இத பழைய கம்ப்யூட்டர் கதையாவே முடிச்சுட்டாங்க. நம்ம ஐடி ஆளுங்களுக்கு இது ரொம்ப வசதியான விளக்கம் வேற.

ஃப்ளோரிடாவப் பாருங்க. 2013-ல கனெக்ட்னு புத்தம் புது சிஸ்டம், கிட்டத்தட்ட 7 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. 2020-ல அதுவும் படுத்துடுச்சு, கடைசில ஜனங்கள பேப்பர் ஃபார்ம் எழுதி அனுப்பச் சொன்னாங்க, வரிசைல நின்னு ஃபார்ம் வாங்குன ஃபோட்டோவெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. புது சிஸ்டம் வச்சிருந்த மாநிலமும் விழுந்துச்சு, பழசு வச்சிருந்ததும் விழுந்துச்சு. மெயின்ஃப்ரேம்ங்கிற அந்தப் பழைய பெரிய கம்ப்யூட்டர் பாட்டுக்கு ராத்திரி ராத்திரி பணத்த அனுப்பிட்டுத்தான் இருந்துச்சு. மனுஷன் கைல எடுத்துப் பாக்கணும்னு ஒதுக்கி வச்ச கிளெய்ம் எல்லாம் மலை மாதிரி குவிஞ்சதுதான் பிரச்சனை.

ஏன் அவ்ளோ ஒதுக்குச்சு? 1935-ல இருந்து ஒவ்வொரு பத்து வருஷமும் ஒரு ரூல், ஒரு கோர்ட் தீர்ப்பு, ஒரு ஆடிட் பரிந்துரை, ஒரு ஃபார்ம்னு மேல மேல சேத்துக்கிட்டே போனாங்க, எதையும் எடுக்கல. கம்ப்யூட்டர் அந்த அடுக்கோட நிழல்தான். அடுக்க அப்படியே வச்சுட்டு புது சாஃப்ட்வேர் எழுதுனா அதே குப்பை புது ஸ்க்ரீன்ல வரும்.

கவர்னர் போட்ட ஸ்ட்ரைக் டீம் என்ன கண்டுபிடிச்சாங்க?

2020 ஜூலை கடைசில கவர்னர் கேவின் நியூசம் ஒரு குழு போட்டாரு. தலைமை ரெண்டு பேர், மாநில அரசு அதிகாரி யோலாண்டா ரிச்சர்ட்சன், கோட் ஃபார் அமெரிக்கான்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்ச ஜெனிஃபர் பால்கா. செப்டம்பர் நடுவுல ரிப்போர்ட் வந்துச்சு. நான் படிச்ச அரசாங்க ரிப்போர்ட்ல ரொம்ப நேர்மையானது அது, மழுப்பலே கெடையாது.

முதல் விஷயம், எவ்ளோ பாக்கி இருக்குன்னு இ.டி.டிக்கே சரியாத் தெரியல. ஒருத்தரோட கிளெய்ம் பல கைல இருக்கும், ஒவ்வொரு பிரிவும் தனக்கு வந்தத மட்டும் எண்ணும். எண்ணிப் பாத்தா மொத்தம் 15 லட்சத்துக்கு மேல. ரெண்டாவது, ஆள் யாருன்னு உறுதிப்படுத்துறதுக்காக நிறைய அப்ளிகேஷன கைவேலைக்குத் தள்ளிட்டு இருந்தாங்க. பேர்ல ஒரு எழுத்து வித்தியாசம், நடுப்பேர் இல்ல, இந்த மாதிரி. நம்ம ஆளுங்களுக்கு இது நல்லாவே புரியும், ஃபர்ஸ்ட் நேம்ல அப்பா பேரு, லாஸ்ட் நேம்ல சொந்தப் பேரு, பாஸ்போர்ட்ல ஒண்ணு லைசன்ஸ்ல ஒண்ணு. அந்த சோதனைல மாட்டுனவங்கள்ல பெரும்பாலானவங்க நிஜமான ஆளுங்கதான், திருடன் சரியான டேட்டாவ எங்கயாவது வெல குடுத்து வாங்கி வச்சிருப்பான், அவனோடது பக்காவா மேட்ச் ஆகும்.

அதனால டீம் சொன்னது கேக்க விசித்திரமா இருந்துச்சு: ரெண்டு வாரம் புது அப்ளிகேஷன் வாங்குறத நிறுத்துங்க. செப்டம்பர் 20-ல இருந்து அக்டோபர் 5 வரைக்கும் நிறுத்துனாங்க, அந்த இடைவெளில ஐடி.மீங்கிற ஆன்லைன் ஐடி சரிபார்ப்ப மாட்டுனாங்க. லைசன்ஸ ஃபோட்டோ எடு, செல்ஃபி எடு, முடிஞ்சுது. அரசியல்வாதிங்க கத்துனாங்க, ஜனங்க தவிக்கும்போது கடைய மூடுறதான்னு. ஆனா அந்த ரெண்டு வாரத்துல வந்திருக்க வேண்டிய அப்ளிகேஷனும் அதே கைவேலைக் குவியல்லதான் போய் விழுந்திருக்கும். ஐடி.மீ பத்தி எனக்கு கொறை உண்டு, முகத்த ஒரு தனியார் கம்பெனிகிட்ட குடுத்தாத்தான் நம்ம காசு நமக்கு வரும்கிறது நல்லா இல்ல, ஸ்மார்ட்ஃபோன் இல்லாத வயசானவங்க ரொம்ப திண்டாடுனாங்க. ஆனாலும் கைவேலைக்குள்ள போற குழாய அடைச்சது அதுதான்.

அப்பவே நடந்துட்டு இருந்த பல வருஷ மாடர்னைசேஷன் ப்ராஜெக்ட்டையும் நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. ஆபீஸ் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்காம சாஃப்ட்வேர் கான்ட்ராக்ட் போடாதீங்கன்னு அர்த்தம்.

ஆயிரக்கணக்குல ஆள் எடுத்தாங்களே, அப்பவும் ஏன் வேகம் வரல?

எடுத்ததாலதான் வரல. புதுசா வர்றவங்களால சிக்கலான கிளெய்ம தொட முடியாது, அந்த ரூல் எல்லாம் மண்டைல ஏற வருஷக்கணக்கு ஆகும். ஜெனிஃபர் பால்கா பின்னாடி பல இடத்துல ஒருத்தரப் பத்தி சொல்வாங்க, என்ன கேட்டாலும் "நான் புதுசு, எனக்கு முழுசா தெரியாது"ன்னு சொல்றாரு, கடைசில எத்தன வருஷமா இருக்கீங்கன்னு கேட்டா 17 வருஷமாம். இருக்குற கொஞ்சநஞ்சம் பழைய கைகள எடுத்து ட்ரெய்னிங் குடுக்க உக்கார வச்சாங்க. பந்தி நடந்துட்டு இருக்கும்போது தலைமை சமையக்காரர கூப்பிட்டு புதுப் பசங்களுக்கு சாம்பார் வைக்கச் சொல்லிக்குடுங்கன்னு சொன்ன மாதிரி. டீம் சொன்னது நேர் எதிர்: பழைய ஆளுங்கள ட்ரெய்னிங்ல இருந்து எடுத்து குவியல்ல போடுங்க, புது ஆளுங்கள சின்ன வேலைக்கு வச்சுக்கோங்க.

ஃப்ராடு 2,000 கோடி டாலர்ங்கிறாங்க, அது எப்படி போச்சு?

மாநிலமே கடைசில சொன்ன கணக்கு அந்த ரேஞ்சுதான், பெரும்பகுதி பி.யு.ஏ. காரணம் நேரடியானது. சாதாரண கிளெய்ம்ல நீங்க அப்ளை பண்ண உடனே உங்க கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் போகும், "இவர் இங்க வேலை பாத்தாரா, ஏன் போனாரு"ன்னு. அதுதான் இயல்பான பூட்டு. சொந்தத் தொழில் பண்றவருக்கு கம்பெனியே இல்ல, நோட்டீஸ் யாருக்குப் போகும்? ஆரம்பத்துல வருமானத்துக்கு ஆதாரம்கூட முன்னாடியே கேக்கல, அவரே சொன்னா போதும், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) 2020 டிசம்பர்லதான் ஆதாரத்த கட்டாயமாக்குச்சு. இதுல இ.டி.டி பழைய தேதில இருந்து கணக்குப் போட்டு மொத்தமா ஒரே கார்டுல ஏத்தி வேற அனுப்புச்சு. திருடனுக்கு அத விட என்ன வேணும்.

ஆடிட்டர் 2021 ஜனவரில சொன்னது, ஃப்ராடா இருக்கலாம்னு பின்னாடி தெரிஞ்ச கிளெய்முங்களுக்கு அதுவரைக்கும் போனது 1,040 கோடி டாலர், ஜெயில்ல இருக்கறவங்க பேர்ல போனது மட்டும் 81 கோடி. ஜெயில் லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாக்குற வேலைய நாட்டுல பாதிக்கு மேல மாநிலம் பண்ணிட்டு இருந்துச்சு, கலிஃபோர்னியா பண்ணல, அதுக்கு 2021-ல தான் சட்டம் வந்துச்சு. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பேர்லயே ஒரு கிளெய்ம் பாஸ் ஆகியிருந்துச்சு, அதப் போட்டதா கேஸ் ஆனது இ.டி.டில முன்னாடி வேலை பாத்த ஒருத்தர் மேலேயே. இன்னொண்ணு, இ.டி.டி அனுப்புற லெட்டர்ல முழு சோஷியல் செக்யூரிட்டி நம்பரையும் அச்சடிச்சு கோடிக்கணக்குல தபால்ல அனுப்பிட்டு இருந்துச்சு, 2019-லயே ஆடிட்டர் வேண்டாம்னு சொன்னத கேக்கல.

நாடு முழுக்க கணக்குல ஜி.ஏ.ஓ, அதாவது காங்கிரஸோட ஆடிட் ஆபீஸ், 10,000 கோடில இருந்து 13,500 கோடி டாலர் வரைக்கும் போயிருக்கலாம்னு சொல்லுது. ஆக கலிஃபோர்னியா மட்டும் முட்டாள்னு நெனைக்காதீங்க.

நிஜமான ஆளுக்கு மாசக்கணக்குல காசு வரல, திருடனுக்கு ஒரே வாரத்துல போச்சு. ரெண்டும் ஒரே சோதனையோட ரெண்டு பக்கம், சோதனை தப்பான ஆளுங்கள பிடிச்சுட்டு இருந்துச்சு.

அப்ப ஏ.ஐ வச்சு ஃப்ராட கண்டுபிடிக்க விட்டா சரியாயிடுமா?

மிச்சிகன் அத 2013-லயே பண்ணிப் பாத்துடுச்சு. மைடாஸ்னு பேரு. அக்டோபர் 2013-ல ஓட ஆரம்பிச்சுது, மனுஷங்க பாக்காமலே "நீ மோசடி பண்ணிட்ட"ன்னு தீர்ப்பு குடுக்கும். எப்படி முடிவு பண்ணுச்சு? கம்பெனி மூணு மாசத்துக்கு மொத்தமா ஒரு சம்பளக் கணக்கு குடுக்கும்ல, அத அந்த மூணு மாசத்து வாரங்களுக்கு சமமா பங்கு போட்டுச்சு. நீங்க ஜனவரி மட்டும் வேலை பாத்துட்டு பிப்ரவரில வேலை போய் அப்ளை பண்ணியிருந்தா, பிப்ரவரிலயும் மார்ச்லயும் சம்பளம் வாங்கிட்டே ஏமாத்துனதா அது கணக்குப் போடும். விளக்கம் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பும், எங்க? நீங்க பல மாசமா திறக்காத ஆன்லைன் அக்கவுண்ட்டுக்கு. பதில் வரலன்னா குற்றவாளி. வாங்குனத திருப்பிக் குடுக்கணும், அதுக்கு மேல நாலு மடங்கு அபராதம், வட்டி தனி. சம்பளத்துல பிடிச்சாங்க, டாக்ஸ் ரீஃபண்ட எடுத்துக்கிட்டாங்க, பல பேர் திவால் ஆனாங்க. கிட்டத்தட்ட 40,000 பேர்.

அப்பறமா திருப்பிப் பாத்தப்ப மெஷின் தானா குடுத்த தீர்ப்புங்கள்ல 93 சதவீதம் தப்பு. 2015-ல நிறுத்துனாங்க. கேஸ் மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2022-ல மாநிலம் 2 கோடி டாலருக்கு செட்டில் பண்ணுச்சு. வீடு போனவனுக்கு அது எதுக்கு ஆகும்?

என் கருத்து, சந்தேகப்படுற வேலைய மெஷின்கிட்ட குடுக்கலாம், தண்டிக்கிற வேலைய குடுக்கக் கூடாது. மெஷின் "இத பாரு"ன்னு சொல்லட்டும், முடிவ ஒரு ஆள் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும்.

இப்ப இ.டி.டி நெக்ஸ்ட்னு ஏதோ பண்றாங்களே?

ஆமா, 120 கோடி டாலர் பக்கம் பட்ஜெட், பல வருஷத் திட்டம். ஃபோன் சிஸ்டம் மாத்துனாங்க, மைஇடிடின்னு எல்லாத்துக்கும் ஒரே லாகின் வந்துச்சு, ஃபார்ம்ங்கள புரியுற மாதிரி எழுதறாங்க, ஸ்பானிஷ், சைனீஸ், வியட்நாமிஸ், கொரியன், டகாலாக், ஆர்மீனியன்ல எல்லாம் கொண்டு வர்றாங்க. தமிழ் கெடையாது, ஆனா ஃபோன்ல மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், அப்பா அம்மா மாதிரி ஆளுங்களுக்கு அது உதவும். 2024 பிப்ரவரில பழைய பேங்க் கார்ட விட்டுட்டு மனி நெட்வொர்க் கார்டுக்கு மாறுனாங்க, அதுக்கப்பறம்தான் காச நேரா பேங்க் அக்கவுண்ட்ல வாங்க வழி வந்துச்சு. சிலிக்கான் வேலி இருக்குற மாநிலம், டைரக்ட் டெபாசிட் இல்லாத ரொம்ப சில மாநிலங்கள்ல ஒண்ணா இருந்துச்சு, சிரிப்புதான் வருது.

இது முந்தின ப்ராஜெக்ட்ட விட பரவால்ல, ஏன்னா மொத்தமா ஒரே நாள்ல மாத்தாம துண்டு துண்டா விடறாங்க. ஆனா ரூலுங்க குறைஞ்சுதான்னு கேட்டா, இல்ல.

நல்லா பண்ண மாநிலம் ஏதாவது உண்டா?

கோபோல் கேட்டு கேலி வாங்குன அதே நியூ ஜெர்சி. பெரிய சிஸ்டம் வாங்கல, முதல்ல அப்ளிகேஷன் கேள்விங்கள எடுத்து உக்காந்தாங்க. சட்ட பாஷைல இருந்த கேள்விய மனுஷன் கேக்குற மாதிரி மாத்துனாங்க, ஃபோன்ல ஃபில் பண்ற மாதிரி பண்ணாங்க, நிஜமா வேலை போன ஆளுங்கள உக்கார வச்சு எங்க தடுமாறுறாங்கன்னு பாத்தாங்க, கொஞ்சப் பேருக்கு மட்டும் முதல்ல விட்டு அப்பறம் எல்லாருக்கும் விட்டாங்க. கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா கேள்வி புரியாம ஒருத்தர் தப்பா டிக் அடிச்சாலே கிளெய்ம் கைவேலைக்குப் போயிடும், அங்கதான் மலை உருவாகுது. ஒரு கேள்விய ஒழுங்கா எழுதுனா அந்தக் குவியல்ல விழற ஃபைல் குறையும்.

இந்த மாதிரி வேலைக்குன்னு 2021-ல காங்கிரஸ் 200 கோடி டாலர் ஒதுக்குச்சு, 2023-ல கடன் வரம்பு பேரத்துல அதுல பாதிய திருப்பி எடுத்துக்கிச்சு. மழை நின்ன உடனே கூரை வேலைய நிறுத்துறது இவங்களுக்குப் பழக்கம்.

450 டாலர ஏன் ஏத்தவே மாட்டேங்குறாங்க?

இந்தக் காசு குடுக்குற மாநில நிதிப் பெட்டில காசு இல்ல. இதான் யாரும் பேசாத பகுதி. 2001-ல சட்டம் போட்டு 230-ல இருந்த அதிகபட்சத்த படிப்படியா 450 ஆக்குனாங்க, ஆனா கம்பெனிங்க கட்டுற பக்கத்த தொடல. கலிஃபோர்னியால வரி போடுறது இன்னைக்கும் சம்பளத்துல முதல் 7,000 டாலருக்கு மட்டும்தான், சட்டம் அனுமதிக்கிற குறைஞ்சபட்சம் அது, 1983-ல இருந்து. வாஷிங்டன் மாநிலத்துல 60,000-க்கும் மேல. உச்ச ரேட் 6.2 சதவீதம்னு வச்சாலும் ஒரு ஆளுக்கு வருஷம் 434 டாலர்தான் வரும். அதே ஆள் வேலை போயி முழு 26 வாரம் வாங்குனா 11,700. கணக்கு எப்படி உதைக்காம இருக்கும்?

2009-லயே பெட்டி காலியாயி மத்திய அரசுகிட்ட கடன் வாங்கி 2018-ல தான் அடைச்சாங்க, ரெண்டு வருஷத்துல கொரோனா, மறுபடி 2,000 கோடி டாலர் பக்கம் கடன். மத்த மாநிலங்கள் பல அந்த நேரத்துல வந்த கொரோனா நிவாரணக் காச வச்சு அடைச்சுட்டாங்க, கலிஃபோர்னியா பெரும்பகுதிய அடைக்கல. கடன் அடைக்கலன்னா மத்திய வரில கழிவு வருஷா வருஷம் 0.3 சதவீதம் குறையும், அதனால அந்த 42 டாலர் 2024 கணக்குல 105 டாலர் ஆச்சு, ஒவ்வொரு வருஷமும் 21 ஏறும். கடனுக்கு வட்டிய மாநிலத்தோட பொது பட்ஜெட்ல இருந்து கட்டணும், பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போற அதே பட்ஜெட்.

சட்டசபைக்கு கணக்கு பாத்து சொல்ற எல்.ஏ.ஓ ஆபீஸ் 2024 டிசம்பர்ல நேரா சொல்லிட்டாங்க: 7,000-த்த 46,800 ஆக்குங்க. அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னா, 450-ங்கிறது வாரம் 900 சம்பளத்துல பாதி, 900-த்த 52 வாரத்தால பெருக்குனா 46,800. அதாவது எந்த சம்பளத்துக்கு இன்ஷூரன்ஸ் குடுக்குறோமோ அந்த சம்பளத்துக்கு பிரீமியம் வாங்குங்கன்னு. இதுல எனக்கு மறுப்பே கெடையாது. இப்ப இருக்குற ஏற்பாட்டுல ஹோட்டல்ல பாத்திரம் கழுவுற ஆளுக்கும் பெரிய டெக் கம்பெனி இன்ஜினியருக்கும் வரி போடுற தொகை ஒண்ணேதான், அதனால சின்னக் கடைக்காரருக்கு சதவீதத்துல பாத்தா பாரம் ஜாஸ்தி.

பின்ன யாரு தடுக்குறா?

வரி ஏறும்னா வியாபார சங்கங்க ஒத்துக்காது, தொழிலாளர் சங்கங்க 450 ஏறாம வரிய மட்டும் பேசாது. சட்டசபைல இதுக்கு ஓட்டுப் போட்டா அடுத்த தேர்தல்ல எதிர்க்கட்சி நோட்டீஸ்ல பேர் வரும். 2023-ல ஸ்ட்ரைக்ல இருக்கறவங்களுக்கும் இந்தக் காசு குடுக்கணும்னு ஒரு மசோதா பாஸ் ஆச்சு, நியூசம் வீட்டோ பண்ணிட்டாரு, சொன்ன காரணம் பெட்டி கடன்ல இருக்கு. பெட்டிய யார் நிரப்பணும்னு மட்டும் யாரும் சொல்லல.

எச்1பில இருக்கேன், லேஆஃப் ஆயிட்டேன், எனக்கு கெடைக்குமா?

பிரிச்சுப் பாக்கணும். சட்டம் கேக்குறது ரெண்டு, சம்பாதிச்சப்ப வேலை பாக்க அனுமதி இருந்துச்சா, இப்ப உடனே வேலைக்குப் போக முடியுமா. முதல்ல நீங்க ஓகே. ரெண்டாவதுலதான் சிக்கல், எச்1பி ஒரே கம்பெனியோட கட்டுன விசா, 60 நாள் கிரேஸ் காலத்துல வேற கம்பெனி பெட்டிஷன் போடாம உங்களால வேலைக்கு சேர முடியாது. அதனால நிறைய பேருக்கு இங்கயே தட்டிடும். கிரீன் கார்டு, இ.ஏ.டி (வேலை அனுமதி கார்டு) கைல இருக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்ல. "வாங்குனா பப்ளிக் சார்ஜ், அதாவது அரசாங்கத்துக்கு பாரம்னு சொல்லி கிரீன் கார்டு போயிடும்"னு ஒரு பயம் சுத்துது, அன்எம்ப்ளாய்மெண்ட் அதுல சேராது, உழைச்சு சம்பாதிச்ச பலன்னுதான் இமிக்ரேஷன் ஆபீசான யு.எஸ்.சி.ஐ.எஸ் பாக்குது. ஆனாலும் எச்1பின்னா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அப்ளை பண்ணுங்க, ஃபார்ம்ல எதையும் பொய்யா டிக் அடிச்சுடாதீங்க, தப்பான தகவலுக்கு 30 சதவீதம் அபராதம் இருக்கு.

நம்ம ஊர்ல இது மாதிரி எதுவும் இல்லையா?

ஈ.எஸ்.ஐ பிடிக்கிறவங்களுக்கு 2018-ல இருந்து அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு ஒண்ணு இருக்கு, சராசரி தினச் சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும். தமிழ்நாடு அரசு குடுக்குற வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை வேற, அது எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சுட்டு காத்திருக்கறவங்களுக்கு, டிகிரி முடிச்சவருக்கே மாசம் 600 ரூபாய். இன்ஷூரன்ஸ் இல்ல.

"நீங்க தகுதி இல்ல"ன்னு லெட்டர் வந்துடுச்சு. விட்டுடலாமா?

விடாதீங்க. எல்.ஏ.ஓ 2022-ல பாத்ததுல, கலிஃபோர்னியால அப்பீலுக்குப் போன மறுப்புங்கள்ல பாதிக்கு மேல ரத்து ஆயிடுது. அதாவது முதல் முடிவு பாதி நேரம் தப்பு. ஏன் இப்படின்னா, உங்க கிளெய்ம் ஏறுனா கம்பெனியோட வரி ரேட்டும் ஏறும், அதனால நிறைய கம்பெனி "இவரே ரிசைன் பண்ணாரு", "ஒழுங்கு நடவடிக்கை"ன்னு எழுதி அனுப்பும், இ.டி.டி பல வருஷமா அந்தப் பக்கம் சாய்ஞ்சே முடிவெடுத்து வந்திருக்குன்னு எல்.ஏ.ஓவே சொல்லியிருக்கு.

சட்டம் உங்க பக்கம் நல்லாவே இருக்கு. 1971-ல ஜாவா வழக்குன்னு ஒண்ணு, கம்ப்யூட்டர் ஜாவா இல்ல, கேஸ் போட்ட அம்மாவோட பேரு. தகுதி உண்டுன்னு முடிவாயி காசு வந்துட்டு இருக்கும்போது கம்பெனி அப்பீல் போட்டா கலிஃபோர்னியா உடனே காச நிறுத்திடும், அது கூடாது, சேர வேண்டிய நேரத்துல காசு சேரணும்னு யு.எஸ் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2021-ல இன்னொரு வழக்கோட செட்டில்மெண்ட்ல, ஏற்கனவே ஒரு வாரமாவது காசு வாங்குனவங்களுக்கு நடுவுல ஏதோ சந்தேகம்னு ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்தா, விசாரணை முடியறதுக்கு முன்னாடியே காச விடணும்னு ஒத்துக்கிட்டாங்க. பின்னாடி தகுதி இல்லன்னு முடிவானா அந்தக் காச திருப்பிக் கேக்கலாம், அதையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

அப்பீல் போட லெட்டர்ல இருக்குற தேதில இருந்து 30 நாள். கூட வந்த ஃபார்ம்லயே எழுதலாம், வக்கீல் தேவையில்ல, பீஸும் இல்ல. கேக்குறது இ.டி.டி இல்ல, அப்பீல்ஸ் போர்டுன்னு தனி அமைப்பு, நீதிபதி பெரும்பாலும் ஃபோன்லயே விசாரிப்பாரு. லேஆஃப் ஈமெயில், மேனேஜர் அனுப்புன மெசேஜ், கடைசி பே ஸ்லிப் எல்லாத்தையும் லேப்டாப்ப திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடியே சொந்த ஈமெயிலுக்கு எடுத்து வச்சுக்கோங்க, அப்பறம் ஆபீஸ் அக்கவுண்ட் உள்ள விடாது. அப்பீல் நடக்கும்போதும் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ சர்டிஃபை பண்றத நிறுத்தாதீங்க, ஜெயிச்சாலும் சர்டிஃபை பண்ணாத வாரத்துக்கு காசு வராது.